முதலில் ஒரு மொழி போதும்: குமரி மாவட்டக் கணினி சென்டர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் என்று மாவட்டம் முழுக்கக் கணினி சென்டர் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு உங்கள் நோட்டீஸ்கள் வந்துவிடும். காலைப் பேப்பருக்குள் மடித்து வைத்தது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் கையில் திணித்தது என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். சி, சி++, ஜாவா, பைத்தான் என்று நான்கு புரோகிராமிங் மொழிகள், எல்லாம் மூன்றே மாதத்தில், சர்டிபிகேட்டோடு. நான் மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால், அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு “பிள்ளைக்கு முதல்ல எது படிச்சா கொள்ளாம்?” என்று அக்கம்பக்கத்து அம்மாமார் வருவார்கள். ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்வதைவிட உங்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கோர்ஸில் ஒரு மொழி மட்டும் வையுங்கள். அது பைத்தானாக இருக்கட்டும். பிள்ளை யாரையும் கேட்காமல் ஒரு புரோகிராமை எழுதி ஓடவைக்கும்வரை அடுத்த மொழியைத் தொடாதீர்கள்.

“சி தெரியாமல் பைத்தானா? அடித்தளம் வேண்டாமா?” என்பீர்கள். சி மேல் எனக்கு மரியாதை உண்டு. 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய அந்த மொழியில்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதப்பட்டது. நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்யும் பைத்தானே சி-யில் எழுதியதுதான். ஆனால் உங்களில் பலர் சொல்லிக்கொடுப்பது அந்த சி இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து டர்போ சி என்ற பழைய கம்பைலர், அதாவது எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றும் மென்பொருள்.

நீல ஸ்கிரீன். அதைத் திறக்க டாஸ்பாக்ஸ் என்று இன்னொரு மென்பொருள். புரோகிராம் தொடங்கும்போது ஸ்கிரீனைத் துடைக்க கிளியர் ஸ்கிரீன், முடியும்போது ஒரு கீயை அழுத்தும்வரை காத்திருக்க கெட்ச்; ஏன் என்று கேட்டால் “அப்படித்தான் போடணும்.” பிள்ளையும் ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதிவைக்கிறது. அதிலேயே நடத்தும் சி++ கதையும் இதுதான். 1998-ல் சி++ மொழிக்குத் தரம் வகுத்தபோதே, புரோகிராமின் முதல் வரியில் வரும் ஐஓஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த ‘புள்ளி ஹெச்’ போய்விட்டது. உங்கள் சென்டரில் படித்ததை அப்படியே கல்லூரி லேபின் லினக்ஸில் அடித்தால் முதல் வரியிலேயே எரர். அதைத் திருத்தினால் அடுத்து ‘வாய்டு மெயின்’ என்ற பழைய பாணித் தொடக்க வரி உதைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், முடிந்தால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள். 250 கிலோ ரப்பர் ஷீட், கிலோ 200 ரூபாய். டர்போ சி-யில் இன்ட் (முழு எண்) என்று அறிவித்துப் பெருக்குங்கள். 50,000 வராது, மைனஸ் 15,536 என்று வரும். அங்கே இன்ட் 16 பிட் என்பதால் 32,767-க்கு மேல் அதற்கு இடமில்லை. இது ஏன் நடக்கிறது என்று விளக்கினால் அருமையான பாடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வாரத்தில், விளக்கம் ஏதும் இல்லாமல் இதைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? தன் மண்டையில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஷீட்டின் விலை நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையிடமே மைனஸ் பதினைந்தாயிரத்தைக் காட்டுகிறோம்.

பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை, எண் எவ்வளவு பெரிதானாலும் தாங்கும். இதனால் மட்டும் அதைச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே நம் ஊர் விஷயம் ஒன்றை எடுத்து வேலை பார்க்கலாம் என்பதுதான் பெரிய லாபம். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் பேப்பரில் வருகிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீர்மட்டம் 48 அடி என்பது பிள்ளைகளுக்கே தெரியும். பத்து நாள் மட்டத்தை ஒரு லிஸ்டில் போடச் சொல்லுங்கள். அந்த லிஸ்டை வைத்திருக்கும் மாறிக்கும் (வேரியபிள்) தமிழிலேயே ‘மட்டம்’ என்று பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். அதிகபட்சம் எது, எந்த நாளில் கூடுதலாக ஏறியது, இதே வேகத்தில் ஏறினால் 48-ஐத் தொட எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும்.

இதில் யாராவது ஒரு பிள்ளை எண்களை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடும். போடட்டும், தடுக்காதீர்கள். 44.5-ம் 9.8-ம் உள்ள லிஸ்டில் அதிகபட்சம் கேட்டால் 9.8 என்று வரும். மேற்கோள் குறிக்குள் இருப்பதைப் பைத்தான் எழுத்தாகத்தான் பார்க்கும்; எழுத்தாகப் பார்த்தால் 4-ஐவிட 9 பெரியது, அவ்வளவுதான். 44 அடியைவிட 9 அடி எப்படிப் பெரிதாகும் என்று அந்தப் பிள்ளை எழுந்து கேட்கும் பாருங்கள், எண் வேறு, எழுத்து வேறு என்ற டேட்டா டைப் பாடத்தை அப்போது நடத்துங்கள். போர்டில் அட்டவணை போட்டு நடத்தினால் அரை மணி நேரம் கொட்டாவி விடுவார்கள். அப்புறம் ஒருநாள் பேப்பர் வந்திருக்காது, அன்றைய மட்டம் கிடைக்காது. அந்த இடத்தில் என்ன போடுவது? பூஜ்யம் போட்டால் சராசரி கெட்டுப்போகும். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் பாதி இந்த மாதிரித் தலைவலிதான்.

பள்ளிக்கூடப் பாடமும் இதற்கு எதிராக இல்லை. 2018-19-ல் தொடங்கி வந்த புதிய பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்கள் வெப்சைட் செய்ய உதவும் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஹெச்பி பார்த்திருப்பார்கள். உயிரியல் குரூப் பிள்ளை பெரும்பாலும் எதையும் பார்த்திருக்காது. ஆகவே சேர்க்கும்போதே எந்த குரூப் என்று கேளுங்கள், எல்லாரையும் ஒரே பேட்சில் அடைக்காதீர்கள். பொறியியல் போனவர்களுக்கும், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருந்தது. கணினிப் பிரிவுக்கு சி அடுத்த செமஸ்டரில்தான் வந்தது.

ஜாவா படித்தால்தான் திருவனந்தபுரத்து ஐடி பூங்காவான டெக்னோபார்க்கில் வேலை என்று பயமுறுத்துவதையும் நிறுத்துங்கள். காலை ரயிலில் திருவனந்தபுரம் போய்வரும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், ஆளுக்கு ஒரு மொழியில் வேலை பார்ப்பார்கள். ஒன்றை ஒழுங்காகப் படித்தவருக்கு இரண்டாவது சீக்கிரம் பிடிபடும்.

விதிவிலக்கும் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு வைத்து எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை வந்தால் தாராளமாக சி-யில் தொடங்குங்கள், புதிய கம்பைலர் வைத்து. வெப்சைட் போட வேண்டும் என்ற ஆசையோடு வந்தால் ஜாவாஸ்கிரிப்ட். எது வேண்டும் என்று தெரியாமல் வருகிறவர்கள்தான் பெரும்பாலும். நான் பைத்தான் என்பது அவர்களுக்கு.

செலவு என்று சொல்லாதீர்கள். எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்கென்றே செய்த தானி (Thonny) என்ற மென்பொருள் இலவசம். பைத்தான் அதற்குள்ளேயே வரும்; பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்; ஒவ்வொரு வரியாக நிறுத்தி மாறிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும். அதன் இன்ஸ்டாலரைப் பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனில் பைத்தானை ஓட்டும் பைடிராய்டு (Pydroid) என்ற ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலும் ஓடும். போனில் புரோகிராம் அடிப்பது எரிச்சல்தான், ஆனாலும் சென்டரில் ஒரு மணி நேரம் மட்டும் அடித்துவிட்டு மறுநாள்வரை சும்மா இருப்பதற்கு அது மேல்.

ஃபீஸைக் குறைக்கச் சொல்லவில்லை. நான்கு மொழிக்கு வாங்குவதை ஒரு மொழிக்கே வாங்குங்கள்; வாடகையும் கரன்ட் பில்லும் எனக்கும் தெரியும். சர்டிபிகேட்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாகப் போடுங்கள்: இந்த மாணவர் தானே எழுதிய புரோகிராம் இன்னது என்று. இந்த ஏப்ரல் பேட்சிலேயே யாராவது இப்படி நடத்திப் பார்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள். அணைக் கணக்கு மாதிரி பயிற்சிகள் சிலவற்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் வந்து பிள்ளைகளோடு உட்காரவும் தயார். பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்