திக்கற்றவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டம் வாங்கியபின் எந்த வேலைக்குப் போவதென்று முடிவெடுக்காத பிள்ளைகளைப் பற்றிய கட்டுரைக்கு, ஞாயிறு மலரில் 'திக்கற்ற தலைமுறை' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, வேளைக்குச் சோறும் இருக்கிறது. அவர்கள் எப்படித் திக்கற்றவர்கள் ஆவார்கள்?

திக்கு, திசை இரண்டும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவைதான். ஆனால் தமிழில் திக்குக்குப் புகலிடம் என்ற பொருளும் ஏறிவிட்டது. 'உன்னை விட்டால் எனக்கு வேறு திக்கில்லை' என்கிறோம். அங்கே திசையை வைத்துச் சொல்ல எவருக்கும் நா வராது. 'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்பது தாங்களும் அறிந்த பழமொழி. பழைய தமிழ் விவிலியத்தில் 68ஆம் சங்கீதம் கடவுளைத் 'திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்' என்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உரிய சொல் அது. அதைக் குறிக்கோள் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டால், நாளை ஓர் அநாதைக் குழந்தையைப் பற்றி எழுதும்போது எதை எடுப்பீர்கள்?

குறிக்கோள் இல்லையென்றால் 'இலக்கற்ற' போதும். வழி தவறியவர் 'திக்குத் தெரியாதவர்'. கட்டுக்கு அடங்காமல் ஓடுவது 'தறிகெட்ட' ஓட்டம்; தறி என்பது விலங்கைக் கட்டும் முளை. சும்மா நடப்பவர் 'கால்போன போக்கில்' நடக்கிறார். 'திசையற்ற' என்பதும் மனிதருக்கு ஒட்டவில்லை. நிறை, வெப்பநிலை போல அளவு மட்டும் உள்ளவற்றைப் பாடநூல் 'திசையிலி' என்கிறது. அந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதே கட்டுரையில் 'இலக்கற்றப் பயணம்' என்று இரண்டு இடங்களில் 'ப்' என்ற ஒற்று மிகுந்திருக்கிறது. 'அற்ற' பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. 'இலக்கற்ற பயணம்', 'இலக்கில்லாத பயணம்' என்றே வரவேண்டும். கடைசி எழுத்தான 'த' கெட்டு, ஈறுகெட்ட 'இலக்கில்லா' வந்தால்தான் 'இலக்கில்லாப் பயணம்' என மிகும். சென்ற ஆண்டும் இதையே எழுதினேன், பதில் இல்லை. 'முயற்சிக்கிறார்', 'ஒரு ஆண்டு' என்ற பிழைகளைப் பற்றியும் எழுதினேன். மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவன் சொல்வதைக் கேட்க உங்கள் அலுவலகத்தில் ஆளில்லையோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இணையப் பதிப்பிலாவது அந்தத் தலைப்பை 'இலக்கற்ற தலைமுறை' என்று மாற்றிவிடுங்கள். ஒரு சொல்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்