குடல் வைரஸ் ஆய்வுக்கு மாதிரிகள் தேவை

ஐயா,

மனிதக் குடலில் வாழும் வைரஸ்கள் பற்றிய தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரையைப் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை நம் செல்களைத் தொடாமல் பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்கள் என்று தெளிவாக எழுதியது நல்லது. இந்த ஆய்வு நம் ஊரிலும் வளர வேண்டும். 2014-இல் அறிவிக்கப்பட்ட கிராஸ்ஃபேஜ் என்ற குடல் வைரஸ், முன்பே சேகரித்திருந்த மல மாதிரிகளின் மரபணுத் தரவைக் கணினியில் அலசியபோதுதான் சிக்கியது. அவ்வளவு பரவலான வைரஸ் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை!

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில், புழு முட்டை, அமீபா இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்ததும் மீதி மாதிரி அன்றே கழிவுக்குப் போய்விடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகள், நோயாளியின் சம்மதத்தோடு, அதில் சிறு பகுதியை மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து ஆய்வாளர்களுக்குத் தரலாம்.

– ஆய்வக நுட்புநர், மதுரை