சுவாமிகளின் வாழ்க்கைக்கு ஏழு வரிகள் போதுமா?

எங்கள் ஊர் நாடக விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

நாடகாசிரியர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாளுக்குத் தாங்கள் வெளியிட்ட மலரை என் வகுப்பு மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று அவர் எழுதிய நாடகங்களின் பெயர்கள் ஒரு பக்கம் நிறைய இருந்தன. நன்கொடையாளர்களின் படங்கள் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிடைத்தவை ஏழே வரிகள். "இவர் எந்த மடத்துச் சாமியார், ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கான விடை தங்கள் மலரில் இல்லை என்பதுதான் இம்மடலை எழுத வைத்தது.

அவர் எந்த மடத்தையும் சேர்ந்தவர் அல்லர். 1867இல் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கராக வேலை பார்த்தவர், இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். எமன், சனீசுவரன் போன்ற கொடிய வேடங்களில் பேர் பெற்றிருந்த காலத்தில், வேடம் கலைக்காமல் விடியற்காலையில் வந்த அவரைக் கண்டு அதிர்ந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரு கலைந்ததென்றும், அதன்பின் அவர் அரிதாரம் பூசுவதையே விட்டுவிட்டாரென்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். இடையில் நாடகத்தையும் துறந்து, துறவுக் கோலத்தில் தலயாத்திரை போனார். சுவாமிகள் என்ற பெயர் அப்படி வந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவரைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார்.

இவற்றையெல்லாம் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவருடைய கடைசிக் காலத்தை விட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபின், அங்கு வந்து சேர்ந்த, பின்னாளில் பெரிய நடிகரான சிறுவன் தி. க. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த கை அது. பாலர்களுக்கு ஒவ்வொரு சொல்லையும் பிழையறச் சொல்லவும் பாடவும் கற்றுக்கொடுத்த நாவு அது. 1921இல் பக்கவாதம் வந்து கை கால்கள் முடங்கின, பேச்சும் நின்றது. தாம் எழுதிய வசனத்தைப் பிள்ளைகள் பேசும்போது, தவறினால்கூடத் திருத்திச் சொல்ல வாயில்லாமல் அந்த வாத்தியார் வாழ்ந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. தங்கள் மலர் இதை "நோயுற்று மறைந்தார்" என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறது.

நம் நாடகக்காரர்களில் யாருடைய வாழ்க்கையைத்தான் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோம்? ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் விடிய விடியக் கைதட்டுகிறோம். கொட்டகை பிரித்தபின் அவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன உண்டார்கள், நோயில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பதில்லை. சிலைக்கு மாலை போட ஆண்டுதோறும் பணம் திரட்ட முடிகிற நமக்கு, அந்த மனிதரைப் பற்றிப் பதினாறு பக்கம் அச்சிடவா முடியாமல் போகும்?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். விழாவுக்காகத் தாங்கள் அலைவதை நான் நேரில் கண்டவன். அடுத்த ஆண்டு மலரில் சுவாமிகளின் வாழ்க்கையை, குறிப்பாகப் பேச்சிழந்த அந்தக் கடைசி நாள்களை, முழுமையாக வெளியிடுமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தரவும் மெய்ப்புப் பார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவிக்கு அந்த மலரின் முதல் படியைக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஒரு தமிழாசிரியர்