மாடிக் கூடத்தில் பாஸ்மதி ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாடியில் ஏ.சி. கூடம் திறந்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் ஓயாமல் வருகின்றன. மேசைக்குத் துணி விரித்துக் கண்ணாடிக் குவளை வைத்தவர்கள், பிரியாணிக்கு மட்டும் ஏன் நீள அரிசி போடுவதில்லை? இவ்வளவு ஆடம்பரத்துக்கு நடுவே பட்டியலில் கஞ்சிக்கு என்ன வேலை?

முதலில் கஞ்சி. வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் பெஞ்சு போட்ட மெஸ்ஸாகத் தொடங்கியது நம் கடை. அங்கே அடுப்பு மூட்டுகிற எவரும் சி.எம்.சி. மருத்துவமனையை மறந்துவிட முடியாது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை அது. இன்று வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்காகச் சுற்றுத் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் வங்க எழுத்தும் ஏறியிருக்கிறது. கடுகெண்ணெயில் மீன் குழம்பு வைக்க எங்கள் சமையல்கட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கூடத்துக்குப் பிறந்தநாளுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வருவார்கள். வேலூரிலோ நாளைக்கு அறுவை சிகிச்சை என்றிருக்கும் குடும்பமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும். பத்தியச் சாப்பாடு இல்லாத உயர்தர உணவகம் இந்த ஊருக்கு ஆகாது என்பது எங்கள் கட்சி. அந்தக் குடும்பத்தினர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், கேட்காமல் பில்லை நீட்டக் கூடாது என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இனி அரிசி. 'நவாப் வீட்டுப் பிரியாணி' என்று பலகை மாட்டச் சொன்ன நண்பர்கள் உண்டு. பக்கத்து ஊரான ஆற்காடு, நவாபுகளின் தலைநகராக இருந்தது உண்மை. அந்த அடுப்பிலிருந்து எங்கள் அண்டாவுக்கு நேர்வழி இருக்கிறது என்று சொல்ல எங்களுக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் மாஸ்டர் தொழில் பழகியது ஆம்பூரில், கல்யாண வீடுகளில். அங்கே சீரகச் சம்பாதான். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறி வேகும். அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, கறியின் மேல் கொட்டி மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் கட்டுவார்கள். பொடி அரிசி என்பதால் மசாலா ஒவ்வொரு பருக்கையிலும் ஊறிவிடும். குழைவதற்கும் ஒரு நிமிடம் போதும். தம் உடைக்கும் நேரத்தில் மாஸ்டரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கரண்டியைச் சுழற்றாமல், ஓரத்திலிருந்து தட்டால் சரித்துத்தான் எடுப்பார். பாஸ்மதி பார்வைக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் இந்த மசாலா அதன் மேலே பூசிக்கொண்டு நிற்குமே தவிர, உள்ளே இறங்காது.

தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கும் இதே பிடிவாதம்தான். காய் வரத்து இருக்கும் நாட்களில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மட்டுமே வாங்குகிறோம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். காம்பில் முள் இருப்பதால் நறுக்குகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

மாடிக்கும் கீழ்க்கூடத்துக்கும் ஒரே அண்டாதான். மாடியில் கூடுதலாக வாங்குவது இடத்துக்கும் பரிமாறுவதற்குமான கட்டணம். மதியம் அண்டா காலியானால் மறு அண்டா ஏற்றுவதில்லை. அவசரத் தம் எங்களுக்குக் கைவராது. பத்துப் பேருக்கு மேல் வருவதானால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அரிசியை அதற்கேற்ப அளந்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
உணவக நிர்வாகத்தினர், வேலூர்