என் காரின் மூக்கைத் தூக்கிவிட்ட கைகளுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டு வாசல் சரிவுக்கு முன்னால் காரை நிறுத்தி, முன்பக்கத்தைத் தூக்க நான் புதிதாகப் பூட்டிய ஹைட்ராலிக் லிஃப்ட்டின் சுவிட்சை அழுத்தினேன். பம்ப் நாலைந்து வினாடி உறுமியது. முன்பக்கம் மெல்ல எழுந்தது. உரசல் சத்தமே இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். இரண்டு வருடமாக அந்த இடத்தில் நான் கேட்டதெல்லாம் காரின் ஃபைபர் உடல் தரையில் தேயும் சத்தம்தான். அது கேட்காமல் போன அன்று இன்ஜினை அணைத்த பிறகும் இறங்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்த மடல்.

என் காரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோர்டு ஜிடி40 என்ற பழைய பந்தயக் காரின் வடிவில், பாகங்களைத் தொகுப்பாக வாங்கி நானே பூட்டிய கிட் கார் இது. அசல் காரின் பெயரில் இருக்கும் 40 அதன் உயரத்தைக் குறிப்பது: 40 அங்குலம், அதாவது 1016 மில்லிமீட்டர். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார் அது. பந்தயத் தடத்துக்குப் பிறந்த உருவம், வேகத்தடைக்கும் வாசல் சரிவுக்கும் பிறந்ததில்லை. என் காரில் தாடைக்கும், அதாவது முன்பக்கத்தின் கீழ் விளிம்புக்கும், தரைக்கும் 95 மில்லிதான் இடைவெளி.

ஸ்பிரிங் இருக்கையைத் திருகி நிரந்தரமாக உயர்த்திவிடலாமே என்று பலர் அக்கறையோடு கேட்டீர்கள். உயர்த்தலாம். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் விஷ்போன் கைகளின் கோணம் மாறும், ஸ்டியரிங்கின் குணம் மாறும், எதற்காக இந்தக் காரைக் கட்டினேனோ அதுவே கைவிட்டுப் போகும். தேவைப்படும்போது எழ வேண்டும், தேவை முடிந்ததும் பழைய இடத்துக்கே இம்மி பிசகாமல் திரும்ப வேண்டும். ஷாக் அப்சார்பரின் திருகு உடம்பில், ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் வளையம் போன்ற ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரைச் சொருகுவது அதற்கான வழி. எண்ணெய் உள்ளே போனால் சிலிண்டர் நீளும், ஸ்பிரிங்கைத் தள்ளும், கார் எழும். எண்ணெய் திரும்பினால் இரும்போடு இரும்பு உட்கார்ந்துவிடும், லிஃப்ட் இருப்பதே காருக்குத் தெரியாது.

கேட்க எளிது. பொருளை வாங்கக் கிளம்பிய என்னை முதலில் நிறுத்தியவர், எனக்கு முன்பே பல கிட் கார்களைக் கட்டி முடித்த பெரியவர். "சிலிண்டர் எவ்வளவு நீளும் என்று அப்புறம் பார்க்கலாம் தம்பி. உன் ஷாக் இன்னும் எவ்வளவு நீளும், அதை அளந்தாயா?" என்று கேட்டார். நான் அளக்கவில்லை. கார் தரையில் நிற்கும்போது ஷாக்கின் தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது, ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது எவ்வளவு தெரிகிறது, இரண்டையும் கழிக்கச் சொன்னார். விடை 24 மில்லி. என் சிலிண்டரின் ஓட்டம், அதாவது அது நீளும் தூரம், 30 மில்லி. அப்படியே பூட்டியிருந்தால் 24 மில்லியில் ஷாக் தன் எல்லையில் இடித்து நின்றிருக்கும், மிச்ச 6 மில்லி ஸ்பிரிங்கை மட்டும் நசுக்கியிருக்கும், பம்ப் காரைத் தூக்குவதற்குப் பதில் ஷாக்கின் உள்பாகங்களை இழுத்துக்கொண்டிருக்கும். ஐயா, ஓட்டம் அதிகமுள்ள ஷாக்கை மாற்றிப் பூட்டும் வரை நீங்கள் என்னைச் சிலிண்டரைத் தொடவிடவில்லை. அந்தக் கண்டிப்புக்கு என் முதல் நன்றி.

கணக்கைப் புரியவைத்ததும் அவர்தான். என் முன் சஸ்பென்ஷனில் சக்கரம் 10 மில்லி ஏறினால் ஷாக் 6 மில்லிதான் அமுங்கும். இதைத் திருப்பிப் போட்டால் சிலிண்டர் தரும் 30 மில்லி சக்கரத்தில் 50 ஆகிறது. தாடை முன் அச்சுக்கு 750 மில்லி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், பின் சக்கரத்தை ஊன்றி எழும்போது அங்கே ஏறக்குறைய 65 மில்லி கிடைக்கிறது. 95 இருந்த இடத்தில் இப்போது 160. ஆனால் அதே விகிதம் சுமையையும் பெருக்குகிறது. சக்கரம், பிரேக் எடை போக ஒரு மூலையில் 250 கிலோ என்றால் ஸ்பிரிங் தாங்குவது 417 கிலோ. என் சிலிண்டரின் பரப்புக்கு அது சுமார் 22 பார் அழுத்தம். தேவைப்படும் எண்ணெயோ இரண்டு பக்கமும் சேர்த்து 113 மில்லிலிட்டர், ஒரு டம்ளர் கூட நிறையாது. ஒரு காரின் மூக்கை அவ்வளவு எண்ணெய் தூக்கிவிடுகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்வதால் 10 அங்குல ஸ்பிரிங்கை 8 அங்குலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஸ்பிரிங் வளையாமல் உட்கார அலுமினிய வளையங்கள் தேவைப்பட்டன. லேத்தில் அவற்றைக் கடைந்து கொடுத்த டர்னர் அண்ணே, நான் கொண்டுவந்த படத்தை நீங்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங்கைக் கொண்டா, சிலிண்டரைக் கொண்டா" என்றீர்கள். படத்தில் இருந்த அளவுக்கும் கையில் இருந்த ஸ்பிரிங்குக்கும் வித்தியாசம் இருந்தது. கூர்முனை ஒன்றுகூட இல்லாமல் எல்லா விளிம்பையும் மழுக்கி, ஷாக் முழுக்க அமுங்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று அங்கேயே பிரஸ்ஸில் வைத்துக் காட்டினீர்கள். முட்டவில்லை.

அடுத்து, மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹோஸ் போட்டுத் தரும் அண்ணன். இவருக்கு நான் பட்ட கடன் பெரிது. முதல் நாளே ஒரு இணைப்பில் எண்ணெய் கசிந்தது. நட்டை இறுக்கினேன், கசிந்தது. இன்னும் இறுக்கினேன், இன்னும் கசிந்தது. அவர் வந்து என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக் கீழே வைத்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த இரண்டு முனைகளில் ஒன்று 37 டிகிரி சரிவு, மற்றது 45 டிகிரி. திருகில் ஏறும், ஆனால் ஒருநாளும் அடைக்காது. இறுக்க இறுக்க முனைதான் சிதையும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அழுத்தத்தில் ஊசிபோல் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், ஒரு அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தந்தார். கைவசம் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றலாமா என்று கேட்டதற்கும் அவர்தான் தடை போட்டார். இந்தப் பம்பின் சீல்கள் மினரல் ஆயிலுக்கானவை, பிரேக் ஆயில் பட்டால் ஊதிப்போகும்.

அப்புறம் எழுந்த கார் பத்து நிமிடத்தில் தானாக இறங்கத் தொடங்கியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நான் சிலிண்டர் சீல்களைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் பிரிக்கத் தயாரானேன். அவர் எண்ணெயைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கும் வால்வை மட்டும் கழற்றச் சொன்னார். ஹோஸை அறுத்தபோது உள்ளே விழுந்த கம்பித் துணுக்கு ஒன்று, தலைமுடி அளவுதான், வால்வின் இருக்கையில் படுத்திருந்தது. அந்த ஹோஸை அறுத்தவன் நான். துடைத்துவிட்டோம் என்று நம்பியிருந்தேன். அவர் எல்லாக் குழாயையும் காற்றால் ஊதி, எண்ணெயால் கழுவி, மறுபடி பூட்டினார். அன்றிலிருந்து இரவு முழுக்கத் தூக்கி வைத்தாலும் ஒரு மில்லி இறங்குவதில்லை.

சஸ்பென்ஷன் வடிவமைப்பில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், என் குழாய் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தூக்கிய நிலையில் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் எண்ணெய் எங்கே போகும்?" இரண்டு சிலிண்டரையும் நான் ஒரே டி (T) வடிவக் குழாய் இணைப்பில் சேர்த்திருந்தேன். ஒரு பக்கம் சுமை கூடினால் அந்தப் பக்க எண்ணெய் தாராளமாக எதிர்ப்பக்கம் ஓடிவிடும். முன் ஸ்பிரிங் இரண்டும் சாய்வை எதிர்க்காது, கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் கம்பி மட்டுமே மிச்சம். சரிவில் குறுக்காக ஏறும்போதுதானே நான் லிஃப்ட்டையே பயன்படுத்துவேன்? சரியாக அந்த நேரத்தில் கார் ஒருக்களித்துத் தாடையை இடித்திருக்கும். இப்போது பக்கத்துக்கு ஒன்றாக, மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு இருக்கிறது. பம்ப் நின்றதும் இரண்டும் மூடிக்கொள்கின்றன. அம்மா, மேட்டில் ஏறிப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதை நீங்கள் காகிதத்திலேயே தீர்த்துவிட்டீர்கள்.

மின்வேலை செய்த தங்கைக்கு நன்றி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பம்புக்குத் தனி ரிலே, தடித்த கேபிள் என்று நேர்த்தியாக முடித்துக் கொடுத்தார். முன்பக்கம் எழுந்திருக்கும் வரை எரியும் சிவப்பு விளக்கு அவர் யோசனை. இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இவ்வளவு பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படாத ஒன்று என் மகள் கண்ணில் பட்டது. ஆக்சில் ஸ்டாண்டில் காரை நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, நான் ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, இந்தக் குழாய் கம்பி மாதிரி விறைப்பா இருக்கு" என்றாள். பிரேக் ஹோஸ். பழைய ஷாக்கின் ஓட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. புதிய ஷாக் கூடுதலாக நீள்வதால், சக்கரம் முழுக்கத் தொங்கி முழுக்கத் திரும்பும்போது இழுபட்டு நின்றது. சில வாரம் ஓட்டியிருந்தால் இணைப்பு பிய்ந்திருக்கலாம். எண்ணெய் கசிந்தால் மூக்கு இறங்கும், அவ்வளவுதான். பிரேக் ஹோஸ் பிய்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. நீளமான ஹோஸ் மாற்றியாகிவிட்டது. கண்ணம்மா, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அளவையும் நீ எழுதிவைத்த நோட்டு இப்போது பட்டறை அலமாரியில் இருக்கிறது.

லிஃப்ட்டே வேண்டாம், முன்பக்கம் எடை ஏறிவிடும் என்று கடைசி வரை சொன்ன நண்பரே, உங்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னதால்தான் பம்பையும் தொட்டியையும் முன்னால் பூட்டாமல் இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள். வளையங்களின் அளவு, குழாய் வரைபடம், மகளின் நோட்டுப் பக்கங்கள் எல்லாவற்றையும் தருகிறேன். உங்கள் ஷாக்கின் ஓட்டத்தை மட்டும் அளந்துகொண்டு வாருங்கள்.

வேகம் கூடினால் லிஃப்ட் தானாக இறங்கும் இணைப்பு இன்னும் பாக்கி. அடுத்த வாரம் தங்கை வந்து முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சிவப்பு விளக்கு எரிந்தால் நடக்கும் வேகத்துக்கு மேல் போவதில்லை.

நன்றியுடன்,
தாழ்ந்த காரின் ஓட்டுநர்