பிள்ளைகளின் கேள்வி சிரிப்பதற்கல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் மனசுக்குள் தமிழில் நினைத்துவிட்டு, வாயில் மட்டும் மாற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு சிறுவன் சொன்னதைப் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, “இந்த வெகுளித்தனத்துக்கு மருந்து உண்டா?” என்று ஒரு வரி. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பொம்மை. பையனின் பெயரும் படமும் வேறு.

அவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தனக்குள் ஓடும் பேச்சு தமிழில் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நினைப்பது வேறு, பேசுவது வேறு என்றும் தெரிந்திருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்கும் தன்னைப் போலவே உள்ளே ஒரு மனசு உண்டு என்று நம்பியிருக்கிறான். அவன் எட்டிய முடிவுதான் தவறு. யோசித்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. இதற்கு மருந்து எதற்கு?

குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி பெயர்கள் தங்களுக்குப் புதிதல்ல. பொருளுக்குள்ளேயே அதன் பெயரும் இருக்கிறது என்று சிறு பிள்ளைகள் நம்புவதைப் பியாஜே 1920களில் அவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். வைகாட்ஸ்கி இன்னும் ஒரு படி போனார். நாயை இனிமேல் மாடு என்று கூப்பிடுவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அப்படியானால் அந்த நாய்க்குக் கொம்பு இருக்குமா என்று கேட்டால், மாடு என்று பெயர் வைத்தபின் சின்னதாகவாவது கொம்பு இருந்துதானே ஆகவேண்டும் என்று பதில் வருகிறதாம். இந்த நம்பிக்கையோடு இருக்கும் குழந்தைக்கு, அதே மாட்டுக்கு இன்னொரு மொழியில் இன்னொரு பெயர் என்பது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருக்கும்! அதைச் சமாளிக்கத்தான் ‘உள்ளே தமிழ், வெளியே வேறு’ என்று ஒரு விளக்கத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

நானும் அப்படி ஒரு விளக்கம் தேடியவள்தான். சிறுவயதில் இரவில் சிற்றலை வானொலியில் தொலைதூர நிலையங்கள் வரும். முள்ளை மயிரிழை நகர்த்தினால் இரைச்சல் போய்க் குரல் தெளியும். இன்னும் ஒரு இழை நகர்ந்தால் மறுபடி கரகரப்பு. புரியாத மொழிகளும் அப்படிப்பட்ட கோளாறுதான், சரியான இடத்தில் முள் நின்றால் அந்த மனிதர் தமிழில் பேசுவது கேட்கும் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னை நிறுத்திவைத்து அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்கப்புறம் அவரிடம் நான் எதையுமே கேட்டதில்லை. அவர் நல்லவர்தான், உங்கள் பக்கத்தைத் தயாரிக்கிறவர்களும் நல்லவர்களாகவே இருக்கக்கூடும்.

பிற்பாடு ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தபோது, சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை வகுப்புக்கு வகுப்பு பார்த்தேன். வெளிநாட்டுக் குழந்தை அழும்போதும் அவர்கள் மொழியில்தான் அழுமா என்று ஒரு சிறுமி கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது என்று சொன்னேன். பிறந்த சில நாள் குழந்தைகளின் அழுகை ராகத்திலேயே தாய்மொழியின் சாயல் தெரிகிறது என்று பிரெஞ்சு, ஜெர்மன் குழந்தைகளை வைத்து 2009இல் ஆய்வே வெளிவந்திருக்கிறது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது!

இந்த நம்பிக்கைகளைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது யார் ஐயா? ஒரே மாதத்தில் அயல்மொழி என்று தாங்கள் வெளியிட்ட தொடர் நினைவிருக்கும். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் அந்நியச் சொல், நடுவில் ஒரு கோடு. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும் என்ற ஒரு வார்த்தைகூடக் கடைசி வாரம் வரை இல்லை. அதைப் பார்த்த பிள்ளை, சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டால் மொழி மாறிவிடும் என்றுதானே நினைக்கும்? அந்தப் பையன் சொன்னதும் அதேதான். அவன் சொன்னால் வெகுளித்தனம், தாங்கள் சொன்னால் தொடர்கட்டுரை. அப்போதே விவரமாக எழுதினேன். பாராட்டாக இருந்த முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

அந்நிய முகம் ஒன்றை வரைந்து, வாயருகே வெறும் சுழிகளையும் கிறுக்கலையும் போட்ட கேலிச்சித்திரமும் உங்கள் இதழில் வந்ததுதான். அவர்கள் பேசுவது பேச்சே அல்ல, வெறும் சத்தம் என்று பிள்ளை வேறு எங்கே போய்க் கற்கிறது? வேற்றுமொழிக்காரர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று பெரியவர்களே இன்னமும் சொல்கிறார்கள். 17 மொழிகளை அளந்து 2019இல் வெளியான ஆய்வு, ஒரு விநாடிக்குச் சொல்லும் அசைகள் மொழிக்கு மொழி கூடிக் குறைந்தாலும் சேரும் செய்தியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், சராசரியாக 39 பிட் (செய்தியை அளக்கும் அலகு) என்று காட்டியது. காது கேளாதோரின் சைகைமொழி உலகம் முழுக்க ஒன்றே என்று நினைக்கிற பெரியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கச் சைகைமொழியும் பிரிட்டிஷ் சைகைமொழியும் ஒன்றுக்கொன்று புரியாத அளவுக்கு வேறானவை.

மொழி ரத்தத்தில் ஊறி வருகிறது என்ற நம்பிக்கை அரசர்களுக்கே இருந்திருக்கிறது. எகிப்திய மன்னன் சாமெட்டிகஸ் இரண்டு பச்சிளம் குழந்தைகளைப் பேச்சே கேட்காமல் வளர்க்கச் செய்து, அவர்கள் முதலில் சொன்ன சொல்லை வைத்து ஆதிமொழி எது என்று முடிவு கட்டினானாம், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அக்பரும் குழந்தைகளை அப்படி அடைத்துவைத்துப் பார்த்தார். அங்கே வளர்ந்தவர்களுக்குப் பேச்சே வரவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும். மன்னர்கள் செய்ததை வரலாறு என்று அச்சிடுகிறோம். ஒரு சிறுவன் யாருக்கும் தீங்கில்லாமல் ஒன்றை நினைத்தால் அவன் படத்தைப் போட்டுச் சிரிக்கிறோம்.

இந்தியில் ‘ட’வுக்கும் ‘த’வுக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் தெளிவாகக் கண்டுகொள்கின்றன, ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது என்று வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் காட்டினார்கள். எந்த மொழிக்கும் காது கொடுக்கத் தயாராகப் பிறக்கிற பிள்ளைகள் இவர்கள். இவர்கள் கேட்பதற்கு நாம் காது கொடுக்கக்கூடாதா?

தங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அந்தப் பகுதியில் இனிமேல் பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். சிரிக்கும் பொம்மையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், பிள்ளை நினைத்தது ஏன் நியாயம், உண்மை என்ன என்று இரண்டு வரி பதில் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட நேர்ந்தால், முன்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பத்தி மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, தங்கள் நெடுநாள் வாசகி