திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை, ‘தி பிக் ஸ்லீப்’ சண்டை உட்பட

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், சந்தா பாக்கியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக எத்தனை படம் போட்டோம், யார் பேசினார்கள், டீக்கும் வடைக்கும் எவ்வளவு ஆனது என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த வருடம் அப்படி முடியாது. திரையிடல்கள் ஒழுங்காக நடந்தன, மழை மாதத்தில் அரங்கு ஒழுகியதால் ஒன்றை மட்டும் தள்ளிவைத்தோம். நிர்வாகச் செய்தி அவ்வளவுதான். மற்றபடி சங்கத்தில் நடந்தது ஒரே விஷயம்: ‘தி பிக் ஸ்லீப்’ அவ்வளவு கொண்டாட வேண்டிய படமா என்ற சண்டை. அதைக் குறிப்பேட்டில் ஏற்றும்படி செயற்குழு சொன்னது. என் கருத்தையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறேன், ஆட்சேபம் உள்ளவர்கள் கடைசியில் பேசலாம்.

அன்றைக்கு வராதவர்களுக்காக: 1946இல் வெளிவந்த வார்னர் பிரதர்ஸ் படம். ரேமண்ட் சாண்ட்லரின் 1939 நாவல், ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கம், திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் வில்லியம் ஃபாக்னர். லாஸ் ஏஞ்சல்ஸில் தனியார் துப்பறிவாளரான ஃபிலிப் மார்லோவாக ஹம்ப்ரி போகார்ட் வருகிறார். ஆர்க்கிட் வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பணக்காரக் கிழவர் ஒருவர், தன் இளைய மகளை வைத்துப் பணம் பறிக்கப் பார்ப்பவனைக் கவனிக்கச் சொல்கிறார். போகார்ட் கோட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார். அப்புறம் பிணம் மேல் பிணம்.

படம் முடிந்ததும் நம் கணக்கு வாத்தியார் எழுந்து, யார் யாரைக் கொன்றார்கள் என்று பலகையில் கோடு போட ஆரம்பித்தார். கார் டிரைவர் வரை வந்ததும் சாக்பீஸ் நின்றுவிட்டது. அந்த வீட்டு டிரைவர் காரோடு கடலுக்குள் போய்க் கிடக்கிறான். அவனே விழுந்தானா, எவனாவது தள்ளினானா என்பதற்குப் படத்தில் பதிலே இல்லை. படம் எடுத்தவர்களுக்கே இந்தச் சந்தேகம் வந்து சாண்ட்லருக்குத் தந்தி அடித்தார்கள், தனக்கும் தெரியவில்லை என்று அவரே பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னால் வாத்தியார் சமாதானம் ஆவார் என்று நினைத்தோம், கோபம்தான் கூடியது. “எழுதினவனுக்கே தெரியாத கதையை ஒரு புது இயக்குநர் எடுத்திருந்தா நீங்க எல்லாரும் கிழிச்சிருப்பீங்க, போகார்ட் படம்னா கை தட்டுவீங்களா” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படம் வந்த சமயத்திலேயே நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் பாஸ்லி கிரௌதர் ஒன்றும் புரியவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார், ஆக வாத்தியார் தனியாள் இல்லை.

அடுத்து, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இது ஃபிலிம் நுவாரே (இருளும் குற்றமும் விரக்தியும் நிறைந்த அந்தக் கால ஹாலிவுட் படவகை) இல்லை என்று ஆரம்பித்தார். பின்னோக்குக் காட்சி கிடையாது, பின்னணிக் குரல் கிடையாது, நாயகன் தானே வெட்டிய குழியில் விழுவதும் கிடையாது, கடைசியில் காதலியோடு நிற்கிறான், இதில் என்ன நுவார் என்றார். அதே சாண்ட்லர் இயக்குநர் பில்லி வைல்டருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய 1944ஆம் வருடத்து ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆரம்பத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான், ஒரு திருகுகூடத் தளர்வாக இல்லை, புகழ் அதற்குத்தான் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. அரங்கில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

எனக்குப் பிடித்த ஆட்சேபம் அக்கா ஒருவர் சொன்னதுதான். புத்தகக் கடைப் பெண், டாக்ஸி ஓட்டும் பெண் என்று எதிர்ப்படுகிற பெண்கள் எல்லோரும் ஏன் மார்லோவைப் பார்த்ததும் மயங்குகிறார்கள், இது ஆண்களின் பகல்கனவு, இதைத்தான் ‘கிளாசிக்’ என்கிறீர்களா என்று கேட்டார். (பெண் டாக்ஸி ஓட்டுவது போர்க்கால அடையாளம், படப்பிடிப்பு 1944 அக்டோபரில் தொடங்கிவிட்டது.) இளைய மகள் கார்மனாக வரும் மார்த்தா விக்கர்ஸ்தான் படத்தில் நிஜமாக நடித்தவர், அவரை ஏன் பாதியிலேயே காணோம் என்றும் கேட்டார். சாண்ட்லருக்கும் அதே குறைதான்: அந்தப் பெண் அவ்வளவு நன்றாக நடித்ததால் மூத்த மகளாக வரும் நாயகி லாரன் பக்கால் மங்கிப்போனார், அதனால் விக்கர்ஸின் நல்ல காட்சிகளை எடுத்துவிட்டார்கள் என்று வேறொரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, படத்தின் உண்மையான ஓட்டை அதுதான், டிரைவர் இல்லை.

இனி என் கட்சி. “கதை முக்கியமில்லை, சூழல்தான் முக்கியம்” என்று இந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சோம்பேறிகள். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. நாவலில், பணம் பறிக்கப் பார்க்கும் அந்தக் கைகரின் புத்தகக் கடை ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் இடம், படத்தில் அதைச் சொல்ல முடியாது, ஆகவே அந்தக் கடையைச் சுற்றி எல்லோரும் எதற்குப் பதறுகிறார்கள் என்று நமக்குப் புரிவதில்லை. மீதிப் பாதியை அவர்களே தெரிந்து செய்தார்கள். 1945இலேயே ஒரு வடிவம் முடிந்து, வெளிநாட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. போர் முடியப்போகிறது என்பதால் போர்ப் படங்களை முதலில் வெளியிட்டுவிட்டு இதைக் கிடப்பில் வைத்தார்கள். அந்த இடைவெளியில் பக்காலின் இன்னொரு படத்துக்கு மோசமான விமர்சனம் வரவே, அவருடைய ஏஜெண்ட் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னருக்கு எழுதி, போகார்டோடு அவர் பேச்சுக்குப் பேச்சு மோதும் காட்சிகளைக் கூட்டச் சொன்னார். 1946 ஜனவரியில் மறுபடி எடுத்தார்கள். உணவகத்தில் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதுபோல வேறு எதையோ பேசும் காட்சி அப்படி வந்ததுதான். வெளியே போனவற்றில் ஒன்று, மார்லோ அரசு வழக்கறிஞர் அறையில் உட்கார்ந்து முழு வழக்கையும் விளக்கும் காட்சி!

பழைய வடிவம் பிற்பாடு கிடைத்து 1997இல் திரைக்கும் வந்தது, அதையும் போட்டுக் காட்டினோம், பார்த்தவர்கள் குறைவு. வாத்தியார் கேட்ட விளக்கம் பெருமளவு அதில் இருக்கிறது. படம் அந்த இடத்தில் படுத்துவிடுகிறது. விளக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதை வைத்தவர்களுக்கு என்ன எடுக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது, அதற்குத்தான் என் கைதட்டல். நுவாரா இல்லையா என்பதில் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஹாரி ஜோன்ஸ் என்ற சின்ன ஆள் பக்கத்து அறையில் விஷம் குடிக்க வைக்கப்படும் அந்த ஒரு காட்சியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

வாக்கெடுப்புக்கு விடலாம் என்று யோசனை வந்தது, தலைவர் மறுத்துவிட்டார், சரியாகத்தான் செய்தார். ‘டபுள் இண்டெம்னிட்டி’ அடுத்த ஆண்டின் முதல் திரையிடலாக முடிவாகியிருக்கிறது, பேச்சைத் தொடங்கி வைப்பவர் தம்பி. இடது பக்க ஒலிபெருக்கியை மாற்றினால்தான் பின்னணிக் குரல் கேட்கும், அதற்குச் சந்தா பாக்கி வர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாத்தியார் ஆட்சேபிக்கிறார் என்பதை இப்போதே பதிவு செய்துவிட்டேன்.